சுட்ட மானைத் தொலைத்துவிட்டேன், எங்கே தப்பு செய்தேன்?

புதுத்தோட்டா:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது இரண்டாவது வேட்டைப் பருவம். உரிமம், அனுமதிச்சீட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, அந்தக் கேள்வி வேண்டாம். கேட்க வந்தது வேறு.

போன வாரம் ஒரு மாலை. இருட்ட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு கலைமான் காட்டோரமாக வெளியே வந்து மேய ஆரம்பித்தது. தூரம் சுமார் 90 மீட்டர். பக்கவாட்டில் நின்றது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சுட்டேன். மான் முதுகைக் கூனிக்கொண்டு ஒரு உதறு உதறியது, விழவில்லை. வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் புதருக்குள் போய்விட்டது. நான் பரணிலிருந்து இறங்கி நேராக அந்த இடத்துக்கு ஓடினேன். கொஞ்சம் ரத்தம், அதில் பச்சையாக ஏதோ கலந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எண்பது, நூறு மீட்டர் போயிருப்பேன், முன்னால் சடசடவென்று ஏதோ எழுந்து ஓடியது. அதோடு சரி. அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இருட்டும் வரை தேடினேன். மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தேடினேன். கிடைக்கவில்லை.

எங்கோ ஒரு புதரில் அது கிடக்கும் என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

பரண்வாசி:
தம்பி, திட்ட மாட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் காட்டில் திரிகிறேன். ஒரு மானைக்கூடத் தொலைத்ததில்லை என்று யாராவது சொன்னால், அவர் அதிகம் சுட்டதில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. முதுகைக் கூனியது, வாலைத் தொங்கப் போட்டது, பாய்ந்து ஓடாமல் தளர்ந்து போனது: மூன்றும் வயிற்றில் பட்ட அடையாளம். பச்சை என்கிறீர்களே, அது இரைப்பையில் இருந்த தழை. கையில் எடுத்து முகர்ந்திருந்தால் நாற்றமே சொல்லியிருக்கும். வயிற்றில் பட்ட மான் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் நல்ல மறைவில் படுத்துவிடும். தொந்தரவு செய்யாமல் விட்டால் படுத்த இடத்திலேயே சாகும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், எட்டு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு. நீங்கள் கேட்ட சடசட சத்தம் அந்தப் படுத்திருந்த மான் எழுந்த சத்தம்தான். அப்படி எழுப்பிவிட்டால் அது எவ்வளவு தூரமும் போகும். குடலும் கொழுப்பும் ஓட்டையை அடைத்துக்கொள்வதால் ரத்தமும் வெளியே சிந்தாது.

ஆக, சுட்டதில் பாதித் தப்பு. இறங்கி ஓடியதில் முழுத் தப்பு.

சுட்ட நொடியில் மானைப் பார்க்கப் பழகுங்கள். பின்னங்கால் இரண்டையும் உதைத்துத் துள்ளி, தலையைத் தாழ்த்திக்கொண்டு வெறி பிடித்த மாதிரி ஓடினால் இதயம் அல்லது நுரையீரல். பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். போன இடத்தில் ரத்தம் இளஞ்சிவப்பாக, சோப்பு நுரை போலக் குமிழியோடு இருந்தால் நுரையீரலேதான். அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். ரத்தம் கருஞ்சிவப்பாக, குமிழி இல்லாமல் இருந்தால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். நல்ல சிவப்பு, முதலில் நிறையக் கொட்டி, போகப் போகக் குறைந்து நின்றுவிட்டால் வெறும் சதை. அந்த மான் பிழைக்கவும் கூடும். பச்சையோ பழுப்போ கலந்திருந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு விடிந்ததும் வாருங்கள்.

முடியும் பேசும். அடிபட்ட இடத்தில் குண்டு வெட்டிய முடி கொஞ்சமாவது கிடக்கும். வெளுத்த முடி என்றால் அடிவயிற்றுப் பக்கம், முரட்டுப் பழுப்பு முடி என்றால் மேல் பக்கம்.

தடம்பார்ப்பவன்:
அண்ணே, எட்டு மணி நேரம் காத்திருப்பதெல்லாம் எழுத நன்றாக இருக்கிறது. மழை வந்தால் ரத்தம் கழுவிப் போய்விடும். நரி முதலில் கண்டுபிடித்துவிடும். வெக்கையான ராத்திரி என்றால் கறி கெட்டுவிடும். நான் எப்போதும் உடனே போவேன். என் கணக்கில் கிடைத்தவைதான் அதிகம்.

பரண்வாசி:
மழைக்கு நீங்கள் சொல்வது ஞாயம்தான், நுரையீரலில் பட்டிருந்தால். அப்போது நானும் காத்திருக்க மாட்டேன், மான் ஏற்கனவே செத்திருக்கும். வயிற்றுக் குண்டுக்கு அது பொருந்தாது. எழுப்பிவிட்ட மான் ரத்தமே சிந்தாது என்றால் மழை கழுவுவதற்கு என்ன இருக்கிறது? கறி கெடும் என்பதும் உண்மை. கெட்ட கறியாவது கையில் கிடைக்கும், ஓடிப்போன மான் கிடைக்காது. இரண்டும் நஷ்டம்தான், ஒன்றில் மட்டும் நமக்குக் கணக்கு முடியும்.

கட்டுக் கயிற்றில் பழகிய மோப்ப நாய் இருப்பவர் யாராவது தெரிந்திருந்தால், சட்டமும் அனுமதித்தால், அவரைக் கூப்பிடுங்கள். ரத்தமே இல்லாத தடத்தை மறுநாள்கூட நாய் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் நாலு பேர் அந்த இடத்தை மிதித்துக் குழப்பியிருக்கக் கூடாது.

புதுத்தோட்டா:
அண்ணா, காத்திருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த நேரத்தில் உடம்பு கேட்கவில்லை. இரண்டு நிமிஷம் இரண்டு மணி நேரமாகத் தெரிந்தது. நீங்கள் எப்படி உட்கார்கிறீர்கள்?

பரண்வாசி:
நல்ல கேள்வி. என்னாலும் முடியாது. இன்றைக்கும் கை நடுங்கும். அதனால்தான் கயிறு.

என் பையில் ஐந்து மீட்டர் நைலான் கயிறு ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டிலேயே அதில் இருபது முடிச்சு போட்டு, ஒவ்வொன்றையும் பல்லால் இழுத்து இறுக்கி வைத்துவிடுவேன். சுட்டதும் முதல் வேலை மறுபடி தோட்டா ஏற்றி, சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) போட்டு, மான் கடைசியாக மறைந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்வது. வெள்ளைப் பட்டை மரத்துக்கு இடது பக்கம் இரண்டாவது புதர், இப்படி வாயால் சொல்லிக்கொள்வேன். மனசுக்குள் சொன்னால் இறங்கியதும் மறந்துபோகும், மேலிருந்து பார்த்த காடும் கீழிருந்து பார்க்கும் காடும் ஒன்றில்லை. அப்புறம் கயிற்றை எடுத்து முதல் முடிச்சிலிருந்து அவிழ்க்க ஆரம்பிப்பேன். நடுங்குகிற விரலுக்கு முதல் மூன்று முடிச்சு பெரிய பாடு. பத்தாவது வரும்போது மூச்சு ஒழுங்காகிவிடும். இருபதும் அவிழ்ந்தால் அரை மணி நேரம் போயிருக்கும். அதே கயிறுதான் அப்புறம் மானை இழுக்கவும்.

பழகிய ஐந்தாவது வருடத்தில் நானும் உங்களைப் போல ஒன்றை எழுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் காக்கை கத்துவதைக் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அது முதலில் படுத்திருந்த இடம் என் பரணிலிருந்து கூப்பிடு தூரம், செத்துக் கிடந்தது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். கயிறு அன்றைக்குத்தான் பைக்குள் வந்தது.

தடத்தில் போகும்போது ரத்தத்தின் மேல் நடக்காதீர்கள், பக்கவாட்டில் ஒரு அடி தள்ளி நடங்கள். கடைசியாகப் பார்த்த சொட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தேட வேண்டும். தரையை மட்டும் பார்க்காதீர்கள். முழங்கால் உயரப் புல்லின் பக்கவாட்டில்தான் ரத்தம் தடவியிருக்கும். தடம் அறுந்துபோனால் நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பாருங்கள். நாலைந்து காகிதம் ஒரு கோடாகத் தெரியும், அந்தக் கோடு எங்கே நீள்கிறதோ அங்கே முதலில் போங்கள்.

ஒருகுண்டு:
இவ்வளவு எதற்கு? தலையில் சுட்டால் தேடவே வேண்டாம். விழுந்த இடத்தில் கிடக்கும், கறியும் வீணாகாது.

பரண்வாசி:
இதை யாராவது எழுதுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

மானின் தலை பெரிதாகத் தெரிகிறது. மூளை நம் கைப்பிடி அளவுகூட வராது. அதுவும் உடம்பிலேயே அதிகம் அசைகிற இடத்தில் இருக்கிறது. நீங்கள் துப்பாக்கியின் குதிரையை (சுடும் விசையை) இழுப்பதற்கும் குண்டு போய்ச் சேர்வதற்கும் நடுவில் அது ஒரு தழையைக் கடிக்கத் திரும்பினால் போதும், தாடை போய்விடும். தாடை போன மான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். யார் சுட்டதோ தெரியாது. நாலு கால், கண், காது எல்லாம் நன்றாக இருந்தது. தின்ன முடியாது, அவ்வளவுதான். எலும்பும் தோலுமாக ஓடையில் வாயை நனைத்துக்கொண்டு நின்றது. அதை முடித்துவைத்த அன்றைக்கு அதன் பிறகு நான் துப்பாக்கியைத் தொடவில்லை.

நெஞ்சுக்கூடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கிறது. அது அவ்வளவாக அசையாது. பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு, முன்காலின் பின்விளிம்பைப் பிடித்து நேராக மேலே போங்கள். உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கே முன்னேயோ மேலேயோ கொஞ்சம் தப்பினாலும் ஏதாவது ஒரு உயிர்நிலை இருக்கும். பின்பக்கம் தப்பினால்தான் இந்தத் தம்பிக்கு நடந்தது. மான் நம்மிடமிருந்து சற்றே விலகித் திரும்பி நின்றால் இன்னும் நல்லது. மறுபக்கத்து முன்காலை மனதில் வைத்து, குண்டு அங்கே போய் வெளியேற வேண்டும் என்று குறி வையுங்கள். நம்மை நோக்கித் திரும்பி நின்றால் நான் விட்டுவிடுவேன்.

இலக்குப்பலகை:
தம்பியிடம் ஒரு கேள்வி. 90 மீட்டரில் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றுக்கு எப்படிப் போனது? துப்பாக்கியின் குறியைக் கடைசியாக எப்போது சுட்டுச் சரிபார்த்தீர்கள்?

புதுத்தோட்டா:
பருவம் ஆரம்பிக்கும் முன் 100 மீட்டரில், மேசை மேல் மணல்பை வைத்து. மூன்று குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தது மாதிரி இருந்தது. அந்த வகைத் தோட்டா அப்புறம் கிடைக்கவில்லை, வேறு எடைக் குண்டு வாங்கினேன். குழல் அளவு அதேதான்.

இலக்குப்பலகை:
இரண்டு விஷயம் இருக்கிறது.

அளவு ஒன்றானாலும் குண்டின் எடையும் வெடிமருந்தும் மாறினால் விழும் இடம் மாறும். சில துப்பாக்கியில் இரண்டு விரல்கடை, சிலதில் நாலு. வாங்கிய பெட்டியிலிருந்து ஐந்து தோட்டாவைச் செலவழித்துப் பார்க்காமல் காட்டுக்குப் போகவே கூடாது. ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) எங்காவது இடித்திருந்தாலும் அப்படியே. ஆனால் உங்களுக்கு விலகியது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குத் தோட்டாவை மட்டும் குறை சொல்ல முடியாது. குதிரையைச் சுண்டியிருக்கிறீர்கள்.

மேசையில் சுடுவது துப்பாக்கிக்கு வைக்கும் பரீட்சை. உங்களுக்கு வைக்கும் பரீட்சை வேறு. 20 சென்டிமீட்டர் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். ஐம்பது மீட்டர் ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து ஒன்று, மண்டியிட்டு ஒன்று, மரத்தில் சாய்ந்து ஒன்று என்று ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் தூரம். எனக்கு நின்று சுட்டால் 60 மீட்டர், உட்கார்ந்தால் 150. துப்பாக்கி 300 மீட்டர் போகும் என்று பெட்டியில் போட்டிருப்பது துப்பாக்கியைப் பற்றிய செய்தி.

வீட்டில் வெற்றுத் துப்பாக்கியில் குதிரை இழுத்துப் பழகலாம். தோட்டா இல்லை என்று மூன்று முறை பார்த்துவிட்டு, தோட்டாப் பெட்டியை அடுத்த அறையில் வைத்துவிட்டு. குழல் முனையில் ஒரு நாணயத்தை வைத்து, விழாமல் இழுக்க வேண்டும். தினம் இருபது முறை, ஒரு மாதம். அதிகச் செலவில்லாத பயிற்சி இதுதான், யாரும் செய்வதில்லை.

மலைக்காற்று:
எல்லோரும் குண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் பத்து வேட்டையில் எட்டு, மான் கண்ணில் படும் முன்பே காற்றால் முடிந்துவிடுகிறது.

மான் சத்தம் கேட்டால் நின்று பார்க்கும், சில சமயம் என்ன என்று திரும்பிக்கூட வரும். அசைவைப் பார்த்தால் காலைத் தட்டிச் சந்தேகப்படும். மனித வாடை ஒரு முறை மூக்கில் பட்டால் இரண்டாவது யோசனையே கிடையாது. என் பையில் முகப்பவுடர் நிரப்பிய சின்னப் பிளாஸ்டிக் குப்பி இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அழுத்தி, தூள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். கன்னத்தில் உணர்வதும் தூள் போவதும் பல சமயம் வேறு வேறாக இருக்கும். பத்தடி தூரம் முன்னால் போய்விட்டுச் சட்டென்று திரும்பிப் பின்னால் வரும். மரத்தைச் சுற்றி அப்படித்தான் சுழலும்.

சரிவில் வேட்டையாடுபவர்களுக்கு இன்னொன்று. வெயில் ஏறியதும் சூடான காற்று சரிவில் மேலே ஏறும். சாயங்காலம் குளிர்ந்ததும் தண்ணீர் மாதிரி கீழே இறங்கி, பள்ளத்தில் தேங்கும். அதனால் காலை வெயில் வந்தபின் நான் மேலே இருப்பேன், மாலையில் கீழே. நடுவில் காற்று புத்தி மாறும் அரை மணி நேரம் ஒன்று உண்டு. அப்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மாட்டிக்கொள்வோம். அந்த நேரத்தில் நகராமல் இருப்பேன், முடிந்தால் வெளியேறிவிடுவேன்.

காற்று ஒத்துவராத நாளில் நல்ல இடத்துக்குப் போகாதீர்கள். ஒரு முறை வாடை பிடித்துவிட்டால் பெரிய கலைமான் பல நாள் அந்தப் பக்கம் பகலில் வராது.

புதுத்தோட்டா:
அக்கா, உடையைப் பற்றியும் சொல்லுங்கள். ஆரஞ்சுச் சட்டை கட்டாயம் என்கிறார்கள். மான் பார்த்துவிடாதா?

மலைக்காற்று:
பார்க்காது. மானின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்விதான் உண்டு, சிவப்புக்கானது இல்லை. ஆரஞ்சும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒரே மங்கல். நீலம் நன்றாகத் தெரியும். அதனால் ஆரஞ்சுச் சட்டை போட்டு, கீழே நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருபவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். துணி பளிச்சென்று தெரிவதற்காகச் சேர்க்கும் பொருள் உள்ள சலவைத்தூளையும் விட்டுவிடுங்கள். அது புறஊதா ஒளியை நீல ஒளியாக மாற்றிக் காட்டும்.

ஆரஞ்சு மானுக்காக அல்ல, இன்னொரு வேட்டைக்காரருக்காக. அதில் விளையாட வேண்டாம்.

அசையாமல் இருக்கத் தெரிந்தால் சட்டை நிறம் எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம். மேய்கிற மான் தலையைத் தூக்கும் முன் பெரும்பாலும் வாலை ஒரு ஆட்டு ஆட்டும். அந்த வாலைப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஆடியதும் உறைந்துவிடுங்கள். தலை திரும்பக் குனிந்ததும் துப்பாக்கியை இன்னும் ஒரு சாண் உயர்த்துங்கள். அப்புறம், காட்டில் முழு மானைத் தேடாதீர்கள். மரமெல்லாம் செங்குத்து, அதில் படுக்கையாக ஒரு கோடு தெரிந்தால் அது விழுந்த மரம் அல்லது மானின் முதுகு. ஈரமான கறுப்பு மூக்கு மட்டும் மினுங்கும். ஒரு காது மட்டும் ஈயை விரட்டும். நான் பார்த்த மான்களில் பாதி முதலில் காதாகத்தான் வந்தது.

பரண்வாசி:
வால் விஷயம் உண்மை. அக்காவுக்கு ஒரு கும்பிடு.

குளம்படி:
மான் பேச்சுக்கு நடுவில் மன்னிக்கவும். இதே கணக்கைக் காட்டுப்பன்றியில் போடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் மானைவிடத் தாழ்வாக, முன்னால் தள்ளி இருக்கிறது. மானுக்கு வைக்கும் குறியை வைத்தால் குடலில் படக்கூடும். பெரிய ஆணுக்குத் தோள்பட்டை மேல் தடித்த கேடயம் மாதிரி ஒரு தோல் இருக்கும். கொழுப்பு ஓட்டையை மூடிக்கொள்வதால் ரத்தத் தடமும் அற்பம். காயப்பட்ட பன்றி புதருக்குள் போனால் தனியாகப் பின்னால் போகாதீர்கள். படுத்திருக்கிற பன்றி மான் மாதிரி எழுந்து ஓடாது, உங்கள் தொடையைக் கிழித்துவிட்டுத்தான் போகும்.

தடத்தில் வித்தியாசம் சுலபம்: பன்றி சாதாரணமாக நடந்தாலே பிரதான குளம்புக்குப் பின்னால், இரண்டு பக்கமும் சற்று வெளியே தள்ளி, பின்குளம்பு இரண்டும் புள்ளி வைத்த மாதிரி விழும். மானுக்குச் சேற்றிலோ ஓட்டத்திலோதான் அது பதியும்.

நீர்க்கோழி:
வாத்து வேட்டைக்காரன் என்ற முறையில் ஒரே ஒரு வரி: கூட்டத்தைப் பார்த்துச் சுடாதீர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுடுங்கள், சுட்ட பிறகும் குழலை நிறுத்தாமல் ஓட்டுங்கள். சரி, இரண்டாவது வரி: ஈய ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) நீர்ப்பறவைக்குப் பல நாடுகளில் தடை. எஃகு ரவைக்கு மாறும்போது அதே அளவு ரவையை வாங்காதீர்கள், இரண்டு அளவு பெரிதாக எடுங்கள், 35 மீட்டருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். எஃகு எடை குறைவு, வேகம் சீக்கிரம் செத்துவிடும்.

கறிக்கத்தி:
கிடைத்த பிறகு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லையே. நான் பார்க்கும் மான்களில் பாதி குண்டால் கெடுவதில்லை, கத்தியால் கெடுகிறது.

முதலில், விழுந்து கிடக்கும் மானைப் பின்பக்கமாக அணுகுங்கள். கண் மூடியிருந்தால் நில்லுங்கள், செத்த மானின் கண் பெரும்பாலும் திறந்திருக்கும். நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால்தான் துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை எடுத்துவிட்டு, ஓரமாக வைக்க வேண்டும்.

அப்புறம் சூடு. தோலும் முடியும் போர்வை மாதிரி. உள்ளே இருக்கும் சூடு போகாவிட்டால் தொடை எலும்பைச் சுற்றி முதலில் புளிக்க ஆரம்பிக்கும். அதனால் குடலை அங்கேயே எடுத்துவிடுங்கள். மல்லாத்திப் போட்டு, மலவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து, இழுத்து ஒரு நூலால் கட்டுங்கள். வயிற்றைத் திறக்கும்போது கத்தியின் முதுகு உள்ளே, கூர் மேலே பார்த்து இருக்க வேண்டும். இடது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, அந்த இரண்டு விரலுக்கு நடுவில் கத்தியை ஓட்டுங்கள். விரலுக்குக் கீழே இரைப்பை சூடாக, வழுவழுவென்று நழுவுவது தெரியும், அதில் நுனி படக் கூடாது. மூத்திரப்பையை நெருங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் சவ்வைச் சுற்றி அறுத்து, கையை மேலே விட்டு மூச்சுக்குழலை அறுத்தால் எல்லாம் ஒரே கொத்தாக வந்துவிடும். பழகிய கைக்குப் பத்து நிமிஷம். முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படாதீர்கள், கத்தியில் வெட்டுப்படுவது அப்போதுதான்.

உள்ளே ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து நெஞ்சைத் திறந்து வையுங்கள், காற்று போகட்டும். ஈரலை எடுத்துப் பாருங்கள். வழவழவென்று ஒரே நிறமாக இருந்தால் சரி. வெள்ளைப் புள்ளி, கட்டி, புழு எது இருந்தாலும் ஈரலைத் தொடாதீர்கள், மற்ற கறியையும் தெரிந்தவரிடம் காட்டாமல் தின்னாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் 4 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு நல்லது.

குண்டு போன வழியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஈயக் குண்டு உடைந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகக் கறிக்குள் பரவும். ரத்தம் கட்டிய இடத்தைத் தாண்டியும் ஒரு சாண் வெட்டி எறிந்துவிடுங்கள். வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புக் குண்டுக்கு மாறிவிடுவது நல்லது. பன்றிக் கறி என்றால் நடுப்பகுதி 71 டிகிரி வரும் வரை வேக வேண்டும். உறைய வைத்தால் புழு செத்துவிடும் என்று நம்பாதீர்கள், காட்டு விலங்கில் இருக்கும் சில வகை குளிரைத் தாங்கும்.

இலக்குப்பலகை:
பரண் பற்றி ஒரு வார்த்தை. சுட்டதும் இறங்கி ஓடினேன் என்று தம்பி எழுதியதும் எனக்கு மான் நினைவுக்கு வரவில்லை, என் இடுப்பு நினைவுக்கு வந்தது. நாலு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவன் நான். குண்டு போட்ட துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, விழாமல் தாங்கும் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, அவசரமாக. கை வைத்துப் பிடித்த இடம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். துப்பாக்கி வெடிக்கவில்லை, என் அதிர்ஷ்டம். மூன்று மாதம் படுக்கை.

முழு உடம்பு வார் போடுங்கள், ஏறத் தொடங்குவதிலிருந்து இறங்கித் தரையில் கால் வைக்கும் வரை. ஏறும்போது நாலு கை காலில் மூன்று எப்போதும் மரத்தில் இருக்கட்டும். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் தனியாகக் கயிற்றில் ஏற்றி இறக்குங்கள், முனை கீழே பார்த்து. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். என்னைக் கண்டுபிடித்தது அப்படிச் சொல்லியிருந்ததால்தான்.

ஒருகுண்டு:
தலை விஷயத்தில் நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தாடை போன மான் கதைக்குப் பிறகு பேச்சே இல்லை.

புதுத்தோட்டா:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னதைச் செய்தேன். புதுத் தோட்டாவில் குறி பார்த்ததில் 100 மீட்டரில் மூன்று விரல்கடை வலது பக்கம் போயிருந்தது, திருத்தினேன். தட்டுப் பரீட்சையில் என் தூரம் 70 மீட்டர். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

முதல் நாள் காற்று ஒத்துவரவில்லை, திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் ஒரு பெண்மான் மேட்டு விளிம்பில் வந்து நின்றது. 50 மீட்டர், பக்கவாட்டு, எல்லாம் சரி. ஆனால் அதற்குப் பின்னால் வெறும் வானம். குண்டு தப்பினால் எங்கே போகும் என்று தெரியாது. இறக்கிவிட்டேன்.

நேற்று மாலை வேறொன்று வந்தது. 60 மீட்டர், பின்னால் மண்சரிவு. வாலைப் பார்த்துப் பார்த்துத் துப்பாக்கியை உயர்த்தினேன். சுட்டதும் பின்னங்காலை உதைத்துப் பாய்ந்தது. ரீலோட், சேஃப்டி, "பிளந்த பாறைக்கு வலது பக்கம்" என்று சத்தமாகச் சொன்னேன். கயிற்றை எடுத்தேன். அண்ணா, பல்லால் இறுக்கக் கூடாது என்று நீங்கள் எழுதியிருக்க வேண்டும். நாலாவது முடிச்சில் நகம் பிய்ந்தது. இருபதும் அவிழ்க்க முப்பத்தைந்து நிமிஷம்.

இறங்கிப் போனால் நுரை நுரையாக ரத்தம். பாறையிலிருந்து நாற்பது எட்டு வைக்கும் தூரத்தில் கிடந்தது. கண்ணைக் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். ஈரல் நன்றாக இருந்தது. குடல் எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, இரைப்பையில் கத்தி படவில்லை.

பரண்வாசி:
நல்ல வேலை, தம்பி. அவிழ்த்த கயிறு இழுக்க உதவியதா?

புதுத்தோட்டா:
கயிறு பரண் மேலேயே இருந்துவிட்டது அண்ணா. ஞாபகம் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. பெல்ட்டைக் கழற்றி முன்காலில் கட்டி இழுத்தேன். ஒரு கையால் மான், ஒரு கையால் பேண்ட்.